யாழ்ப்பாணத்து மைதானமும் மதுரைப் பிள்ளைகளும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலே, பொது நூல் நிலையத்துக்கும் மத்திய கல்லூரிக்கும் அண்மையில், ஒரு மைதானம் இருக்கிறது. துரையப்பா விளையாட்டரங்கம் என்பது அதன் பெயர். உலகப் பிரசித்தி பெற்ற மைதானங்களின் ஜாபிதாவில் அதற்கு இடமில்லை. பம்பாயிலோ கல்கத்தாவிலோ உள்ள பெரிய அரங்கங்களைக் கண்டவர்கள் இதைக் கண்டால் புன்னகை செய்யவுங் கூடும். 2016-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி அது புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது, அதில் ஆசனங்கள் சுமார் 1,850-தான். புதுப்பித்த செலவு இலங்கை நாணயத்தில் பதினான்கரைக் கோடி ரூபாய். அந்தப் பணத்தைக் கொடுத்தது இந்திய சர்க்கார். அன்று இலங்கை ஜனாதிபதி ஸ்ரீ மைத்திரிபால சிறிசேனா மைதானத்தில் நின்றார். நமது பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி புது டில்லியில் இருந்தபடியே காணொளியின் மூலம் அந்த வைபவத்தில் கலந்து கொண்டார். ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் புல் தரையில் யோகாசனம் செய்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் படங்கள் வெளியாயின. பிறகு நாம் எல்லோரும் அதை மறந்தோம்.

மறந்திருக்கக் கூடாதென்பது நமது அபிப்பிராயம். மதுரையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் வளரும் பிள்ளைகளை முன்னிட்டே அந்த மைதானத்தைப் பற்றி இன்று எழுதுகிறோம்.

மைதானத்தின் கதையை முதலில் சொல்லிவிடுவோம். யாழ்ப்பாணத்து மேயராக இருந்த அல்பிரட் துரையப்பாவின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. அவர் 1975-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றித் தமிழர்களுக்குள்ளே அபிப்பிராய பேதம் மிகுதி. அந்த விசாரணையை இங்கே எடுத்துக் கொள்ளோம். அந்தக் கொலைக்குப் பிறகு அந்நகரம் பட்ட பாட்டை நேயர்கள் அறிவார்கள். 1981-ல் நூல் நிலையம் தீக்கிரையாயிற்று. 1987-ல் நமது இந்தியப் படையே அந்நகரின் தெருக்களில் போர் புரிந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு நாம் கொடுத்த பணத்தை மட்டும் சொல்லிக் கொள்வது நேர்மையாகாது. 1995-ன் இறுதியில் லட்சக்கணக்கான ஜனங்கள் வீடு வாசலை விட்டுக் கூட்டங் கூட்டமாக வெளியேறினார்கள். 1999-ல் இந்த மைதானத்தைச் செப்பனிடத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புக் கூடுகள் வெளிப்பட்டன. எவருடைய மக்களோ, எவருடைய கணவர்களோ! பந்து ஓட வேண்டிய தரைக்கடியில் அவர்கள் கிடந்தார்கள்.

அத்தகைய இடத்தில் மறுபடியும் புல் முளைத்தது. எல்லைக் கோடு போட்டார்கள். கோல் கம்பம் நாட்டினார்கள். அந்த மைதானம் எந்த ஒரு பள்ளிக்கூடத்தின் உடைமையும் அன்று; மாநகர சபைக்கு உரியது. ஆயினும் வட மாகாணத்துப் பள்ளிக்கூடங்களின் ஓட்டப் பந்தயமும் கால்பந்துப் பந்தயமும் நடக்கும்போது அதைப் பள்ளிப் பிள்ளைகளின் மைதானமென்றே சொல்லத் தோன்றும். யாழ்ப்பாணத்தார் விளையாட்டில் நெடுங்காலமாகப் பற்றுள்ளவர்கள். மத்திய கல்லூரிக்கும் பரி யோவான் கல்லூரிக்கும் நடுவே கிரிக்கெட் பந்தயம் 1904-ல் தொடங்கியது. இன்றும் அந்த நாட்களில் நகரமே இரண்டு கட்சியாகிவிடும். கால்பந்திலோ இளவாலைப் புனித ஹென்றியரசர் கல்லூரிப் பையன்களும், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்களும் தீவு முழுவதிலும் பெயர் எடுத்தவர்கள். பெண்கள் என்று எழுதியதை நேயர்கள் கவனிக்க வேண்டும். போரில் தகப்பனை இழந்த வீடுகளும், அகதி முகாமிலிருந்து திரும்பிய வீடுகளும் நிறைந்த ஒரு பிரதேசத்தில், பெண் குழந்தைகள் பூட்ஸ் அணிந்து பந்து உதைக்கிறார்கள். நமது ஜில்லாவில் எத்தனை பெண் பள்ளிக்கூடங்களில் கால்பந்து இருக்கிறதென்று உபாத்தியாயர்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளட்டும்.

இந்தியாவின் பணம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மைதானமாயிற்று. அதில் நமக்கு மகிழ்ச்சியே அன்றி ஆட்சேபம் சிறிதும் இல்லை. இன்னும் பத்து மடங்கு கொடுத்தாலும் நமது கடன் தீராது. ஆனால் கடல் கடந்து மைதானம் அமைக்கத் தெரிந்த நமக்கு, நாகமலை புதுக்கோட்டைக்கும் மதுரைக்கும் இடையே தேனிச் சாலையின் இரு மருங்கிலும் வளரும் ஆயிரக்கணக்கான வீடுகளின் பிள்ளைகள் மாலை நான்கு மணிக்கு எங்கே போவார்கள் என்ற கேள்வி ஏன் தோன்றவில்லை?

நாகமலை புதுக்கோட்டையை அறியாத மதுரைவாசி இரான். மேற்கே படுத்துக் கிடக்கும் பாம்பைப் போன்ற மலைத் தொடர். சமீபத்தில் கீழக்குயில்குடிச் சமணர் மலை. அதன் அடிவாரத்தில் தாமரைத் தடாகம். 1965-ல் தோன்றிய வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி. 1966-ல் தோன்றி இன்று காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கும் சர்வகலாசாலை. கல்விக்கு இவ்வளவு பொருத்தமான சூழ்நிலை தமிழ் நாட்டில் வேறு எங்கே கிடைக்கும்? ஆகையினால்தான் உத்தியோகஸ்தர்களும் உபாத்தியாயர்களும் வியாபாரிகளும் அங்கே மனை வாங்கி வீடு கட்டுகிறார்கள். வயல் மனையாகிறது, மானாவாரிக் காடு மனையாகிறது, வரப்பு இருந்த இடத்தில் மஞ்சள் வர்ணம் பூசிய எல்லைக் கல் நிற்கிறது. வீடு எழும்புகிற வரையில் அந்த மனைகளில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். எல்லைக் கற்களே கோல் கம்பங்கள். அஸ்திவாரம் தோண்டினால் அடுத்த மனைக்குப் போகிறார்கள். அதுவும் தோண்டப்பட்டால் ரஸ்தாவுக்கு வருகிறார்கள். ரஸ்தாவில் மோட்டார் வருகிறது. பிறகு வீட்டுக்குள் போய்க் கைப்பேசியைக் கையில் எடுத்துக் கொள்கிறார்கள். அப்பொழுது தகப்பனார் அவர்களைத் திட்டுகிறார்!

கடற்கரை நகரத்துப் பையனுக்குக் கடவுள் கொடுத்த ஒரு வசதி உண்டு. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரி ஜில்லாவின் மீன்பிடி கிராமங்களிலும் மணற்பரப்பு இருக்கிறது. சர்க்கார் மைதானம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அலை ஒதுங்கிய ஈர மணலில் அவன் பந்து உதைக்கலாம். அந்தக் கரைகளிலிருந்து நல்ல கால்பந்து வீரர்கள் கிளம்புவதற்கு இது ஒரு முக்கிய காரணமென்று நினைக்கிறோம். உள்நாட்டுச் சமவெளியிலே வளரும் பையனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவனுக்கு உள்ளது வறண்ட கண்மாய். மதுரை ஜில்லாப் பையன்களுக்குக் கண்மாய் வறண்டால் மைதானம். மழை பெய்தால் மைதானம் போயிற்று. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் எத்தனையோ வருஷம் தண்ணீரின்றிக் கிடந்தது. மைய மண்டபத்தைச் சுற்றிலும் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பிறகு வைகைத் தண்ணீரைக் கால்வாய் வழியே கொண்டு வந்து நிரப்பினார்கள். தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணீர் வேண்டியதே. குளம் குளமாக இருப்பதுதான் முறை. ஆனால் அங்கே ஆடிக் கொண்டிருந்த பையன்களுக்கு மாற்று இடம் எங்கே என்று அப்பொழுது எவரும் கேட்கவில்லை. தல்லாகுளம் என்ற பெயர் இன்னும் இருக்கிறது, குளத்தைக் காணோம். குளமும் போய், மைதானமும் இல்லாமற் போவதே நமது நகர வளர்ச்சியின் லக்ஷணமாகிவிட்டது.

தமுக்கத்தை எடுத்துக் கொள்வோம். ராணி மங்கம்மாளின் மாளிகை அங்கே இருந்தது. அதன் முன்னே இருந்த வெளியில் யானைப் போர் முதலிய கேளிக்கைகள் நடந்தன என்பர். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் அந்த மாளிகையில் வாசஞ் செய்தார்கள். 1959-ல் ஜவஹர்லால் நேரு அங்கே காந்தி நினைவுப் பொருட்காட்சி சாலையைத் திறந்து வைத்தார். பக்கத்து மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடந்தது. புத்தகத் திருவிழா நடந்தது. அரசியல் கூட்டங்கள் எத்தனை நடந்தனவென்று கணக்கே இல்லை. விளையாட்டு மட்டும் வர வரக் குறைந்தது. 2022-ல் அந்த இடத்தில் பெரிய மாநாட்டு மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. மண்டபம் தேவை இல்லை என்று நாம் சொல்லவில்லை. குளிர்சாதனத்தில் உட்கார்ந்து பேசும் பெரியவர்களுக்கு இடம் தேட ஆரம்பித்தால், வெயிலில் ஓடும் சிறுவர்களுடைய இடமே முதலில் கண்ணுக்குத் தென்படுகிறது என்பதையே சொல்கிறோம். திறந்த வெளியைக் காலி இடம் என்று எண்ணும் மனோபாவத்திலிருந்தே இந்தத் தொல்லை அனைத்தும் பிறக்கிறது. மைதானம் காலி இடமன்று. காலியாக இருப்பதுதான் அதன் வேலை.

பணமில்லை என்ற சமாதானம் இனிச் செல்லாது. அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்று அறுபது கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஓர் அரங்கம் கட்டி, 2024-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி திறந்தார்கள். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வாலிபர் உலகக் கோப்பை ஹாக்கிப் பந்தயங்கள் சென்னையோடு மதுரையிலும் நடந்தன. அயல் தேசத்து வீரர்கள் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் புதிதாக அமைத்த செயற்கைத் தரையில் ஆடினார்கள். இவை இரண்டும் மதுரைக்குப் பெருமையே. ஆனால் ஏறுதழுவும் அரங்கத்தில் வருஷத்தில் எத்தனை நாள் கூட்டம் கூடும்? ஹாக்கித் தரையில் நாகமலை அடிவாரத்துப் பையன் எத்தனை நாள் கால் வைப்பான்? நாம் அரங்கம் கட்டும்போதெல்லாம் பார்ப்பவனை நினைத்துக் கட்டுகிறோம். ஆடுபவன் எங்கிருந்து வருவான் என்று நினைப்பதில்லை. சட்டசபைத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் மூன்று கோடி ரூபாயில் ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று 2022-ல் சென்னை சர்க்கார் செய்த அறிவிப்பு நல்ல யோசனை. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஒரு தொகுதிக்கு ஒன்று என்றால், பத்து மைல் தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்து பந்து உதைத்துவிட்டு வீட்டுப் பாடத்துக்குத் திரும்பக்கூடிய பையன் யார்?

வெளிநாட்டில் பள்ளிக்கூட மைதானத்தை எப்படி மதித்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாகாணத்தில், டகோமா என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. பெரிய நகரமன்று, சிறிய நகரமும் அன்று. 1891-ல் அங்கே ரெயில்வே கம்பெனியின் ஆதரவில் கடலைப் பார்த்த மேட்டில், பிரெஞ்சு அரண்மனையைப் போல ஒரு ஹோட்டல் கட்டத் தொடங்கினார்கள். 1893-ல் பணமுடை வந்தது, வேலை நின்றது. 1898-ல் தீப்பிடித்தது. பிடுங்கி விற்க ஆரம்பித்த அந்தச் சுவர்களைப் பள்ளிக்கூட நிர்வாகத்தார் வாங்கினார்கள். 1906-ல் சீமான்களுக்காக எழும்பிய மாளிகை உயர்தரப் பாடசாலையாயிற்று. அதோடு நின்றார்களா? மாளிகைக்குப் பக்கத்தில் கடலை நோக்கிச் சரிந்து கிடந்த ஒரு பள்ளத்தாக்கைத் திருத்தி, சரிவிலேயே சிமெண்டுக் கான்கிரீட் படிகள் அமைத்து, 1910-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மகத்தான மைதானம் ஆக்கினார்கள். தியடோர் ரூஸ்வெல்ட்டும், வுட்ரோ வில்ஸனும், ஹார்டிங்கும் அங்கே வந்து பிரசங்கம் செய்தார்கள். சில வருஷத்துக்குள் பள்ளிக்கூடத்தின் பெயரே ஸ்டேடியம் பாடசாலை என்று ஆகிவிட்டது! மழையிலும் மண் சரிவிலும் அந்த மைதானம் பலமுறை சேதப்பட்டது. 1981-ல் வெள்ளம் கரையை அரித்துக்கொண்டு போயிற்று. அவ்வூரார் திரும்பத் திரும்பச் செப்பனிட்டார்கள். மண்டபமாக்கி விடுவோம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் எல்லா வழக்கங்களையும் நாம் மெச்சுகிறவர்களல்லோம். பள்ளிப் பையன்களின் பந்தாட்டத்துக்கு டெக்ஸாஸ் மாகாணத்தில் ஆறு கோடி டாலர் செலவிட்டு அரங்கம் கட்டி, இரண்டு வருஷத்தில் கான்கிரீட் விரிசல் கண்டு மூடிய கதையும் அங்கேதான் நடந்தது. அந்த வீண் டம்பம் நமக்கு வேண்டாம். பள்ளத்தை மைதானமாக்கிய புத்தி நமக்கு வேண்டும்.

விளையாட்டு எதற்கு, பரீட்சைதானே சோறு போடும் என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது தேச சரித்திரத்தையே பதிலாகக் கூறலாம். 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் சங்கத்தார் ஐ.எப்.ஏ. கேடயத்துக்காகக் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை எதிர்த்து ஆடினார்கள். பதினொருவரில் பத்துப் பேருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. சிவதாஸ் பாதுரி தலைமை வகித்தார். பட்டாளத்தார் முதல் கோல் போட்டார்கள்; பிறகு நம்மவர் இரண்டு போட்டார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் மைதானத்தில் நின்று பார்த்தார்கள். வெள்ளைக்காரனை நேருக்கு நேர், அவனுடைய விளையாட்டிலேயே, அவன் வகுத்த விதிப்படியே வெல்லலாம் என்று அன்று வங்காளத்துத் தெருக்கள் தெரிந்து கொண்டன. எத்தனை பிரசங்கம் செய்தாலும் அந்தத் தைரியத்தை ஊட்டியிருக்க முடியுமா? விவேகானந்தர் 1897-ல் சென்னையில் வாலிபர்களுக்குச் செய்த உபதேசத்தில் வேதாந்தத்துக்கு முன்னால் தேக வலிமையை வைத்து, கால்பந்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டதும் நினைவுகூரத்தக்கது. 1920-ல் பக் துரை சென்னையில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் தேகப் பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். இந்த நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. தேகப் பயிற்சி ஆசிரியர் என்ற வர்க்கத்தை முதலில் உண்டாக்கிய மாகாணம் நம்முடையது. அந்த ஆசிரியர் இன்று பல பள்ளிக்கூடங்களில் பரீட்சைத் தாள் கட்டுவதற்கும், பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசை நிறுத்துவதற்கும் உபயோகப்படுகிறார். அவருடைய பீரியடைக் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்குகிறார்; திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சுதந்திரம் பெற்ற மறு வருஷம், 1948 ஜூலை 31-ந் தேதி, லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து இந்தியா ஆடியது. அப்பொழுதும் நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்கால்தான். இரண்டு பெனால்டி வாய்ப்புகளை நழுவவிட்டு, இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1951-ல் டில்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசியப் போட்டிகளில் தங்கப் பதக்கம் பெற்றோம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தோம். 1960 முதல் பள்ளிக்கூடங்களுக்கென்றே சுப்ரதோ கோப்பைப் பந்தயம் டில்லியில் நடந்து வருகிறது. பிறகு நமது கால்பந்து ஏன் இறங்கிற்று என்பதற்குச் சங்கங்களின் சச்சரவு, பணம், பயிற்சி என்று நூறு காரணம் சொல்கிறார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். நூற்றோராவது காரணமாக, பையன் ஓடுவதற்கு இடமில்லாமற் போனதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பது நமது விண்ணப்பம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென்று எழுதியிருக்கிறது. எவ்வளவு பெரிது என்று மட்டும் எழுதவில்லை. ஆகவே கட்டடங்களுக்கு நடுவே சிமெண்டுத் தளம் போட்ட முற்றமும் மைதானம். மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடமும் மைதானம். 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் மைதானமில்லாத பள்ளிக்கூடங்களைச் சர்க்கார் மூடவும் கூடுமென்று கடுமையாகச் சொல்லி, மைதானத்தின் அளவை நிர்ணயிக்கும்படி கேட்டது. பள்ளிக்கூடத்தை மூடினால் நஷ்டம் பிள்ளைகளுக்கே. ஆதலால் அந்த வழியை நாம் சிபாரிசு செய்யோம். ஆனால் அளவை நிர்ணயிக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

அளவைப் பற்றிச் சிறிது கணக்குப் பார்ப்போம். சர்வதேசப் பந்தயத்துக்கு உகந்த கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. அதாவது 7,140 சதுர மீட்டர். நமது ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 176 சென்ட். பக்கத்திற்கு எழுவராகச் சிறு பையன்கள் ஆடுவதற்கு அறுபது மீட்டருக்கு நாற்பது மீட்டர் போதும். அது அறுபது சென்ட்டுக்குள் அடங்கும். இனி, தமிழ் நாட்டு மனைப் பிரிவு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில், ரஸ்தா நீங்கலான பரப்பில் நூற்றுக்குப் பத்து வீதம் திறந்த வெளியாக ஒதுக்கி ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தான சாசனம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்குக் குறைந்த, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில் இடத்துக்குப் பதிலாகப் பணமும் கட்டலாம். ஆகவே ரஸ்தா போகப் பத்து ஏக்கர் உள்ள ஒரு மனைப் பிரிவிலிருந்து ஒரு ஏக்கர் கிடைக்கிறது. எழுவர் ஆட்டத்துக்கு அது தாராளம். அடுத்தடுத்துள்ள இரண்டு மனைப் பிரிவுகளின் திறந்த வெளிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அமைத்தால் முழு அளவு மைதானமே வந்துவிடும். இதற்கு ஒரு காசும் சர்க்கார் கொடுக்க வேண்டியதில்லை.

நடப்பது என்ன? மனை விற்கத் தகாத மூலை எது, வாய்க்கால் ஓரம் எது, உயர் மின்சாரக் கம்பி போகும் இடம் எது என்று தேடிப் பார்த்து அதைத் திறந்த வெளியென்று வரைபடத்தில் பச்சை பூசிவிடுகிறார்கள். நாலைந்து துண்டுகளாகப் பிரித்துக் காட்டுவதும் உண்டு. எந்தத் துண்டிலும் பந்து உருளாது. பிறகு அதிலே ஒரு நீர்த் தொட்டி வருகிறது; அதன் பக்கத்தில் ஒரு கோயில் வருகிறது; கோயிலைப் பற்றிப் பேச எவருக்கும் தைரியம் இல்லை. நகர ஊரமைப்பு இலாகாவார் அனுமதி கொடுக்கும்போதே, ஒதுக்கும் இடம் ஒரே துண்டாகவும், நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படாமலும், மிக அருகில் உள்ள பள்ளிக்கூடத்தை அடுத்ததாகவும் இருக்க வேண்டுமென்று நிபந்தனை போட்டால் வேலை முடிந்தது.

இடம் கிடைத்த பின் சாவி யாரிடம் இருக்கும் என்பது அடுத்த கேள்வி. சொல்லப் போனால் இதுவே பெரிய கேள்வி. நமது நாட்டில் பொது மைதானத்துக்கு வேலி போட்டதும் பூட்டு வருகிறது. பூட்டு வந்ததும் கட்டணம் வருகிறது. கட்டணம் வந்ததும் மாச சந்தா கட்டும் பெரியவர்களுடைய காலை நடைக்கு அது உரித்தாகிவிடுகிறது. பையன்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். மதுரையில் மட்டுமல்ல, எங்கும் இதுவே கதை. பள்ளிக்கூட நாட்களில் மாலை நான்கு மணி முதல் ஆறரை மணி வரை எந்தப் பொது மைதானமும் கட்டணமின்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியது என்று மாநகராட்சியும் ஜில்லா விளையாட்டு அதிகாரிகளும் ஓர் உத்தரவு போடட்டும். வாரத்தில் இரண்டு மாலைகள் பெண்களுக்கென்று ஒதுக்கட்டும். நாகமலைப் பக்கத்துக் கல்லூரிகளும் சர்வகலாசாலையும் பெரிய நிலப் பரப்பு உடையவை. விடுமுறை நாட்களிலாவது சுற்றுப்புறத்துப் பள்ளிகளுக்குத் தங்கள் மைதானங்களைத் திறந்துவிட்டால் அவற்றின் புல் தேய்ந்து போய்விடாது. தேய்ந்தாலும் முளைக்கும்.

இனி, நமது பத்திரிகையைப் படிக்கும் தேசத் தொண்டர்களிடம் ஒரு வார்த்தை. பள்ளிக்கூட மைதானத்தைப் பாழ்படுத்துவதில் நாமும் பங்காளிகளே. ஊரில் கூட்டம் போட வேண்டுமானால் உடனே நமக்கு ஞாபகம் வருவது உயர்தரப் பள்ளி மைதானம். லாரிகள் உள்ளே வருகின்றன. சவுக்குக் கம்பங்களுக்குக் குழி தோண்டுகிறோம். மேடைக்கு முன்னே ஜல்லியும் மணலும் கொட்டுகிறோம். இரவு பத்து மணிக்குத் தலைவர் வாலிபர்களே எழுமின் என்று முழங்கிவிட்டுக் காரில் ஏறுகிறார். மறுநாள் மாலை அந்த வாலிபர்கள் குழியில் கால் இடறி விழுகிறார்கள். ஆணியும் கண்ணாடித் துண்டும் வெறுங்காலில் ஏறுகின்றன. எந்தக் கட்சியும் இதற்கு விலக்கல்ல. நாம் ஆதரித்து எழுதிய கூட்டங்களும் விலக்கல்ல. இதை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது. பள்ளி மைதானத்தில் கூட்டம் போடுவதில்லை என்று எல்லாக் கட்சிகளின் ஜில்லாக் கமிட்டிகளும் தீர்மானம் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாமற் போட நேர்ந்தால், விடிவதற்குள் ஒவ்வொரு குழியையும் மண் போட்டு இடித்து மூடிவிட்டுத்தான் தொண்டர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

தேனிச் சாலையோரத்தில் அடுத்த மனைப் பிரிவின் விளம்பரப் பலகை எப்படியும் இந்த வருஷத்திற்குள்ளேயே எழும்பும். அந்த வரைபடத்தின் பிரதி ஒன்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எவரும் கேட்டுப் பெறலாம். பச்சை வர்ணம் எந்த மூலையில் பூசப்பட்டிருக்கிறது, அதன் நீள அகலம் எத்தனை மீட்டர், பக்கத்துப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பதை அளந்து எழுதி அனுப்பும் நேயர்களின் கடிதங்களுக்கு நமது பத்திரிகையில் இடம் உண்டு.